பித்தப்பை அழற்சி ரத்தக்குழாய் வரை போனால்: கசிவு, கட்டு, சிகிச்சையின் வரிசை

பித்தப்பையில் கல், அதனால் அழற்சி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள். சி.டி. ஸ்கேன் அறிக்கை வந்ததும் பேச்சு மாறும். 'பித்தப்பைத் தமனியில் சூடோ அனூரிசம்' என்றோ 'போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டு' என்றோ அதில் ஒரு வரி இருக்கும். அறுவை தள்ளிப்போகும். முதலில் ஆஞ்சியோ செய்யவேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைத் தொடங்குவார்கள். வயிற்றுவலிக்கு வந்தவருக்கு எதற்கு ஆஞ்சியோ என்று வீட்டார் குழம்புவது இயல்புதான். இவை அரிதான சிக்கல்கள். வருடக்கணக்காகப் பித்தப்பை அறுவை செய்யும் மருத்துவர்களே இவற்றைச் சில முறைதான் பார்த்திருப்பார்கள்.

குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அழற்சி ஒருவருக்குத் தமனியைக் கிழித்து ரத்தம் கசியவைக்கிறது, இன்னொருவருக்குச் சிரையில் ரத்தத்தை உறையவைக்கிறது. முதலாமவருக்கு ரத்தத்தை நிறுத்தவேண்டும், இரண்டாமவருக்கு ஓடவைக்கவேண்டும். ஆகவே எந்தக் குழாய், என்ன பாதிப்பு என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்க முடியாது.

எந்தெந்தக் குழாய்கள்?

பித்தப்பை கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை. ஏறக்குறைய 30 முதல் 50 மில்லி பித்தநீர் பிடிக்கும். அதற்கு ரத்தம் கொண்டுவருவது பித்தப்பைத் தமனி. பெரும்பாலானவர்களுக்கு இது வலது கல்லீரல் தமனியிலிருந்து கிளைக்கிறது. கிளைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு வலது கல்லீரல் தமனியே வளைந்து பித்தப்பையின் கழுத்தை உரசிக்கொண்டு போகும். பிரெஞ்சு மருத்துவர் காலோ 1891இல் விவரித்த முக்கோணப் பகுதிக்குள்தான் இந்த நெரிசல் எல்லாம். அங்கே வீக்கம் வந்தால் தமனி, பித்தநாளம், நிணநீர்க் கணு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

பித்தப்பைத் தமனிக்கு மாற்றுவழி ஏறக்குறைய இல்லை. அது அடைபட்டால் பக்கத்துக் குழாய் எதுவும் போதிய ரத்தம் தந்து பித்தப்பையைக் காப்பாற்றாது.

சிரைகளின் கதை வேறு. பித்தப்பையிலிருந்து ரத்தத்தை எடுத்துச்செல்லப் பெரிய சிரை ஒன்று தனியாக இல்லை. பல சிறு சிரைகள் நேராகக் கல்லீரலுக்குள் நுழைந்து போர்ட்டல் சிரையின் கிளைகளில் கலக்கின்றன. குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் பெரிய சிரைதான் போர்ட்டல் சிரை.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. இரண்டு வழி இருப்பதால்தான் தமனியின் ஒரு கிளையை அடைத்தாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பித்தநாளங்களுக்கு அந்த வசதி கிடையாது, அவை தமனியை மட்டுமே நம்பியிருக்கின்றன. சிகிச்சை பற்றிய பல முடிவுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

அழற்சி குழாயை என்ன செய்கிறது?

கல் பித்தப்பையின் வாயை அடைக்கிறது. உள்ளே பித்தநீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, சுவர் வீங்குகிறது, அப்புறம் கிருமிகள் சேர்ந்துகொள்கின்றன. அழற்சி சுவரைத் தாண்டிக் குழாய்களைத் தொடும்போது மூன்றில் ஒன்று நடக்கலாம்.

1. தமனியின் சுவர் அரிக்கப்பட்டுக் கிழிகிறது. கசியும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு பிடித்துவைத்துக்கொள்கிறது. இதுதான் சூடோ அனூரிசம், அதாவது போலி ரத்தக்குழாய்ப் புடைப்பு.
2. தமனி அடைபட்டு, பித்தப்பைச் சுவர் ரத்தமின்றி அழுகுகிறது.
3. கிருமி கலந்த அழற்சி சிரைக்குள் பரவி, போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டு உண்டாகிறது.

பித்தப்பை அழற்சி இவ்வளவு பரவலாக இருந்தும் முதல் வகை ஏன் அரிது? அழற்சி தமனியை அரித்து முடிப்பதற்குள் அந்தச் சிறிய தமனி பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே உறைந்து மூடிக்கொள்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

தமனி கிழிந்தால்

நல்ல தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உண்மையான அனூரிசத்தில் மூன்றும் சேர்ந்து பலவீனமாகிப் புடைக்கின்றன. போலிப் புடைப்பில் அந்தச் சுவரே இல்லை. உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள திசுவும்தான் அணை. அதனால் 'சிறியதுதானே, கொஞ்சநாள் பார்ப்போம்' என்ற அணுகுமுறை இங்கே செல்லாது. அளவைப் பார்க்காமல் சிகிச்சை செய்யவேண்டிய பிரச்சினை இது.

புடைப்பு உடைந்தால் ரத்தம் எங்கே போகும் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். வயிற்றறைக்குள் உடைந்தால் திடீரென்று வலி கூடி, ரத்த அழுத்தம் சரியும். பித்தப்பைக்குள் உடைந்தால் ரத்தம் பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு வருகிறது. பித்தப் பாதையில் நடக்கும் இந்த ரத்தக்கசிவுக்கு ஹீமோபிலியா என்று பெயர். பரம்பரை ரத்தக்கசிவு நோய்க்கும் தமிழில் இதே மாதிரி எழுதுகிறார்கள். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் 'பித்தப் பாதைக் கசிவு' என்றே எழுதுகிறேன்.

ஆங்கில மருத்துவர் கிளிஸன் 1654இலேயே இதைப் பதிவுசெய்தார். 1871இல் ஜெர்மன் மருத்துவர் குவின்கே மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொன்னார்: வலப்பக்க மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை, குடல் வழியாக ரத்தம் போவது. பாடப்புத்தகங்கள் இன்றும் இதையே சொல்கின்றன. ஆனால் மூன்றும் ஒன்றாகத் தென்படுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான். மூன்றும் சேரட்டும் என்று காத்திருந்தால் பலரைத் தவறவிடுவோம்.

இந்தக் கசிவு விட்டுவிட்டு வரும் என்பது இன்னொரு சிக்கல். ரத்தம் கட்டியாகி வழியை அடைக்கிறது, கசிவு நிற்கிறது. அந்தக் கட்டி கரைந்ததும் திரும்பத் தொடங்குகிறது. இடையில் பார்த்தால் நோயாளி தெளிவாக இருப்பார். பித்தநாளத்தில் தங்கும் ரத்தக்கட்டி கல்லைப் போலவே வழிமறித்து மஞ்சள் காமாலையையும், பித்தநாளத் தொற்றையும், சில சமயம் கணைய அழற்சியையும் கொண்டுவரும். கல்தான் இறங்கிவிட்டது என்று நினைப்பதற்கு எல்லா நியாயமும் அங்கே இருக்கும்.

கறுப்பு மலம் போனதும் எல்லோரும் முதலில் தேடுவது வயிற்றுப் புண்ணைத்தான். எண்டோஸ்கோபி செய்வார்கள், இரைப்பை சுத்தமாக இருக்கும், 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுவார்கள். பித்தநாளம் திறக்கும் வாய் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில், பக்கச்சுவரில் இருக்கிறது. நேராகப் பார்க்கும் சாதாரண எண்டோஸ்கோப்புக்கு அது சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் பார்க்கும் டியோடினோஸ்கோப் வேண்டும். அதிலும் ரத்தம் வடியும் நேரத்தில் பார்த்தால்தான் கண்ணில் படும். பித்தப்பை நோயுள்ளவருக்குக் கறுப்பு மலம் போய், எண்டோஸ்கோபியும் சுத்தமாக இருந்தால் விசாரணை அங்கே முடியக்கூடாது. சி.டி. ஆஞ்சியோ (சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன்) வரை போகவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இங்கே தாமதம்தான் உயிரைப் பறிக்கிறது.

பித்தப்பையை எடுத்த பிறகும் இது வரலாம். அறுவையின்போது வலது கல்லீரல் தமனியில் பட்ட காயம், திசுவைச் சுடும் கருவியின் சூடு, கசிந்த பித்தநீரால் வந்த தொற்று ஆகியவை சில நாள்களிலோ வாரங்களிலோ புடைப்பாக மாறும். சொல்லப்போனால், இன்று பித்தப் பாதைக் கசிவு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம், அறுவையோ கல்லீரலுக்குள் ஊசியோ குழாயோ செலுத்திய சிகிச்சையோதான். அழற்சி மட்டுமே காரணமாக இருப்பது அதைவிட அரிது.

ஸ்கேனில் எதைத் தேடவேண்டும்?

சாதாரண அல்ட்ராசவுண்டில் போலிப் புடைப்பு பித்தப்பைக்குள் இருக்கும் ஒரு வட்டமான நிழல் மாதிரிதான் தெரியும். கசடு என்றோ கட்டி என்றோ தோன்றலாம். ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளரை இயக்கினால் அந்த வட்டத்துக்குள் சிவப்பும் நீலமும் சுழலும். ரத்தம் உள்ளே போய்த் திரும்பிவருவதன் அடையாளம் அது. ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும் விஷயம், அழுத்தத் தோன்றவேண்டும், அவ்வளவுதான்.

சி.டி. எடுக்கும்போது எந்தக் கட்டத்தில் படம் பிடித்தார்கள் என்பது முக்கியம். சாய மருந்து செலுத்துவதற்கு முன் எடுத்த படத்தில் புதிய ரத்தம் வெள்ளையாகத் தெரியும். சாயம் தமனியில் இருக்கும்போது எடுத்ததில் புடைப்பு ஒளிரும். சிரைக்குப் போன பிறகு எடுத்ததில் போர்ட்டல் சிரையின் ரத்தக்கட்டு தெரியும். வயிற்றுவலிக்கு வழக்கமாக எடுக்கும் சி.டி.யில் சிரைக் கட்டம் மட்டுமே இருக்கும். சிறிய புடைப்பு அதில் தப்பிவிடலாம். ரத்தக்கசிவு சந்தேகம் இருந்தால் அதைக் கோரிக்கைச் சீட்டில் எழுதவேண்டும், அப்போதுதான் மூன்று கட்டங்களும் எடுப்பார்கள்.

கசிவுக்குச் சிகிச்சை: எது முதலில், எது அடுத்து

1. *நோயாளியை நிலைப்படுத்துவது.* சிரைவழித் திரவம், தேவைப்பட்டால் ரத்தம், கிருமிக்கு ஆன்டிபயாடிக், உறைதல் குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது. ரத்தக்கசிவின் முதல் சில மணிநேரத்தில் ஹீமோகுளோபின் எண் பெரிதாகக் குறையாது. அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கவேண்டும்.

2. *ஆஞ்சியோ வழியாக அடைப்பது.* தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரல் தமனி வரை கொண்டுபோய், அதற்குள் இன்னும் நுண்ணிய குழாயைப் புடைப்பு இருக்கும் கிளைக்குள் செலுத்துவார்கள். பிறகு உலோகச் சுருளான காயிலையோ, ரத்தம் பட்டதும் இறுகும் பசையையோ வைத்து அடைப்பார்கள். இதற்கு எம்போலைசேஷன் என்று பெயர். பொதுவாக முழு மயக்கம் தேவையில்லை. ரத்தம் இழந்து தளர்ந்தவருக்கு இது பெரிய அனுகூலம்.

3. *பித்தநாளத்தைத் திறந்துவைப்பது.* ரத்தக்கட்டி வழியை அடைத்து மஞ்சள் காமாலையோ தொற்றோ இருந்தால், ஈ.ஆர்.சி.பி. (வாய்வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பித்தநாளத்தின் வாய்க்குள் கருவி விடும் முறை) செய்து கட்டியை எடுத்து, வழியைத் திறந்துவைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைப்பார்கள்.

4. *பித்தப்பையை எடுப்பது.* கசிவு நின்று, நோயாளி தேறிய பிறகு. அதே முறை மருத்துவமனையில் இருக்கும்போதே செய்வதா, சில வாரம் கழித்தா என்பது அழற்சியின் கடுமையையும் உடல்நிலையையும் பொறுத்தது.

இரண்டாம் படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். புடைப்பு பித்தப்பைத் தமனியில் இருந்தால் அந்தத் தமனியையே அடைத்துவிடலாம். வலது கல்லீரல் தமனியில் இருந்தால் புடைப்புக்கு முன்பக்கம் மட்டும் அடைப்பது போதாது. கல்லீரலுக்குள் தமனிக் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ரத்தம் சுற்றி வந்து பின்பக்கமாகப் புடைப்பை நிரப்பிவிடும். அதனால் புடைப்பைத் தாண்டி ஒரு காயில், அதற்கு முன்னால் இன்னொன்று என்று இரு பக்கமும் அடைப்பார்கள். தமனி போதிய அகலமாகவும் அதிகம் வளையாமலும் இருந்தால் உறையிட்ட ஸ்டென்ட் வைக்கலாம். ஓட்டம் நிற்காமலே கிழிசல் மூடிக்கொள்ளும். ஆனால் அந்த ஸ்டென்ட் அடைபடாமலிருக்க ரத்தத் தட்டுகளைக் கட்டுப்படுத்தும் மருந்து வேண்டும். இப்போதுதான் ரத்தம் கசிந்தவருக்கு அந்த மருந்தை எப்போது தொடங்குவது என்பது எளிதான முடிவு அல்ல.

அடைப்பதற்கு முன் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவும் அடைபட்டிருக்க, தமனியையும் அடைத்தால் கல்லீரலின் அந்தப் பகுதிக்கு இரு வழியும் போய்விடும், அது செயலிழந்து சீழ்கட்டியாகவும் மாறலாம். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடமும் தமனியைத் தொட மிகவும் யோசிப்பார்கள், அவர்களுடைய பித்தநாளங்களுக்கு அதை விட்டால் துணை இல்லை.

ஆஞ்சியோ வசதி இல்லாத இடத்தில் நோயாளி சரிந்துகொண்டிருந்தாலோ, அடைத்தும் கசிவு நிற்காவிட்டாலோ, பித்தப்பை ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தாலோ நேராக அறுவைதான். தமனியைக் கட்டிப் பித்தப்பையை எடுத்துவிடுவார்கள். ஒரே முறையில் முடிந்துவிடும், ஆனால் அழற்சியின் உச்சத்தில் இருக்கும் பகுதியில் கத்தி வைப்பது ஆபத்து அதிகமுள்ள வேலை.

'ஆஞ்சியோவிலேயே கசிவு நின்றுவிட்டதே, அறுவை எதற்கு?' என்று வீட்டார் கேட்பதுண்டு. கல் உள்ளேயே இருக்கிறது, அழற்சியும் இருக்கிறது. போதாததற்குப் பித்தப்பையின் ஒரே தமனியை இப்போது நாமே அடைத்திருக்கிறோம், அதன் சுவர் அழுகத் தொடங்கலாம். அடைப்பது அறுவைக்கு நேரம் வாங்கித் தருகிறது. உடல் அறுவையைத் தாங்காது என்றால் தோல்வழியாகக் குழாய் வைத்துப் பித்தப்பையை வடிப்பார்கள்.

தமனி அடைபட்டால்

இதில் சொல்ல அதிகமில்லை, செய்வதை வேகமாகச் செய்யவேண்டும். அழுகிய பித்தப்பையை உடனே எடுக்கவேண்டும், அல்லது முடியாதபோது வடிக்கவேண்டும். வாயு உண்டாக்கும் கிருமிகள் சேர்ந்தால் சுவருக்குள்ளேயே காற்று தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சுவர் அழுகும்போது நரம்பும் சேர்ந்து போவதால் வலி குறையலாம். வலி குறைந்து, நாடித்துடிப்பும் வெள்ளணுக்களும் ஏறினால் அது தேறுவதன் அடையாளமாக இருக்காது.

சிரையில் ரத்தக்கட்டு வந்தால்

கிருமி கலந்த ரத்தக்கட்டு போர்ட்டல் சிரையில் வருவதற்குப் பைலிஃப்ளெபைட்டிஸ் என்று பெயர். பெருங்குடல் பைகளின் அழற்சியிலும் குடல்வால் அழற்சியிலும்தான் இது அதிகம். பித்தப்பை அழற்சி அதைவிட அரிய காரணம். ஆன்டிபயாடிக் போட்டும் இறங்காத காய்ச்சல், பித்தப்பையை எடுத்த பிறகும் தொடரும் குளிர்நடுக்கம் என்று இது மறைமுகமாகத்தான் தலைகாட்டும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் ஈ.கோலை, பாக்டீராய்ட்ஸ் போன்ற குடல் கிருமிகள் வளரலாம்.

சிகிச்சையில் மூன்று அங்கங்கள்:

1. *மூலத்தை அகற்றுவது:* பித்தப்பையை எடுப்பது அல்லது வடிப்பது.
2. *ஆன்டிபயாடிக்:* பொதுவாக 4 முதல் 6 வாரம். தொடக்கத்தில் சிரைவழியாக, தேறிய பிறகு மாத்திரையாக. கல்லீரலில் சீழ்கட்டி இருந்தால் அதையும் வடிக்கவேண்டும்.
3. *ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து:* முதலில் ஹெப்பாரின் ஊசி, பிறகு மாத்திரை. வழக்கமாக 3 மாதமாவது.

மூன்றாவதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சிறிய கட்டு ஒரு கிளையில் மட்டும் இருந்தால், தொற்று அடங்கும்போது அதுவும் கரையலாம் என்று சிலர் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். கட்டு முதன்மைச் சிரையில் இருந்தாலோ, வளர்ந்தாலோ, குடலிலிருந்து வரும் சிரைக்குப் பரவினாலோ, உறைதல் கோளாறு இருந்தாலோ மருந்து தேவை என்பதில் பெரிதாக யாருக்கும் தயக்கமில்லை. குடல் சிரை அடைபட்டால் குடலே அழுகும். எனக்குச் சரியென்று படுவது, விலக்க வலுவான காரணம் இல்லாதபோது மருந்தைத் தொடங்குவதுதான். கரையாமல் விட்ட கட்டு பின்னாளில் செய்வது சின்ன விஷயமல்ல. அடைபட்ட சிரையைச் சுற்றி நுண்சிரைகள் வலைபோலக் கிளைக்கும், உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து உடையலாம். அந்த வலை பித்தப்பைச் சுவரிலும் பரவும். அப்போது பித்தப்பையை எடுக்கப் போனால் தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

கசிவும் ரத்தக்கட்டும் சேர்ந்து வந்தால்

மிக அரிது, ஆனால் முடிவெடுக்க மிகக் கடினமான நிலை இது. கசிவுதான் உடனடி ஆபத்து, அதனால் முதலில் அதை நிறுத்துவார்கள். தமனியை அடைப்பதானால் சிறிய கிளையோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு சில நாள் கசிவு இல்லை என்று உறுதியானதும் ரத்தக்கட்டுக்கு மருந்து. அதையும் சொட்டு ஹெப்பாரினாகத் தொடங்குவது வழக்கம். நிறுத்தினால் சில மணிநேரத்தில் வேகம் அடங்கிவிடும், மாற்றுமருந்தும் உண்டு. மாத்திரையை அப்படிச் சட்டென்று திருப்ப முடியாது.

வேறு காரணத்துக்காக ஏற்கெனவே ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களுக்கு, அழற்சியின்போது பித்தப்பைச் சுவரிலிருந்தே ரத்தம் கசிந்து உள்ளே நிரம்புவதும் உண்டு. இங்கே புடைப்பு இல்லாமலும் இருக்கலாம். மருந்தை நிறுத்தி, அதன் வேகத்தை முறித்து, பித்தப்பையை எடுப்பதுதான் வழி. நிறுத்திய மருந்தை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அந்த மருந்தைக் கொடுத்த இதய மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ சேர்ந்து சொல்லவேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

தமனியை அடைத்தவர்களுக்கு, புடைப்பு மறுபடி நிரம்பவில்லை என்று பார்க்க மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஸ்கேன் எடுக்கவேண்டும். காயிலின் வகை எழுதிய அட்டையையோ டிஸ்சார்ஜ் சுருக்கத்தையோ பத்திரமாக வைத்திருந்தால், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேரும்போது உதவும்.

கறுப்பு மலம், ரத்தவாந்தி, கண் மஞ்சளாவது, குளிரோடு காய்ச்சல், எழுந்ததும் தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கவேண்டாம். சி.டி. ஆஞ்சியோவும் எம்போலைசேஷனும் செய்யக்கூடிய மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும், பழைய ஸ்கேன் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு. ரத்தம் இழந்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதனாலும் மலம் கறுக்கும். அது பெரும்பாலும் கரும்பச்சையாகக் கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்தது தார்போலப் பளபளத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறும். பிரித்தறிய முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபினையும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய அன்றைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.